ஊராட்சி செக்கில் யார் கையெழுத்து?

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. மறுநாளும் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, குப்பை வண்டி ஓடியது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுப்பதற்குப் போடும் கையெழுத்து மட்டும் கை மாறியிருந்தது. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த தலைவரிடமிருந்து, யூனியன் ஆபீஸில் இருக்கும் அதிகாரியிடம் அது போய்ச் சேர்ந்தது.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் இரண்டு கட்டமாக நடந்த தேர்தலில் வந்தவர்கள் இவர்கள். தலைவர் பதவிகள் மட்டும் 9,624. வார்டு உறுப்பினர்கள் 76,746. ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர்களையும் சேர்த்தால் 91,975. இத்தனை பேர் இருந்த இடத்துக்குச் சில நூறு தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் அந்த ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ. தான். தமிழ்நாட்டில் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 30 ஊராட்சிகளுக்கு மேல் வரும். ஏற்கெனவே இருக்கும் வேலைகளோடு அத்தனை ஊர்களுக்கும் அவரே ‘பிரசிடெண்ட்’.

மோட்டார் காயில் கருகி இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால், பிரசிடெண்ட் வீட்டு வாசலில் ராத்திரி பத்து மணிக்குக் குடத்தோடு போய் நின்று சத்தம் போடலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் கோபத்தைக் காட்டலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று நேரிலேயே சொல்லலாம். பி.டி.ஓ.விடம் இது எதுவும் நடக்காது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் பதில் சொல்ல வேண்டியது கலெக்டருக்கு.

அரசியல் சட்டம் இந்த நிலைமையை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டது. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், 243-இ பிரிவில் ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்கிறது. அந்த ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ இப்படிக் கெடு தவறினால் நாடே கொந்தளிக்கும். ஊராட்சிக்குத் தவறினால் மாவட்டப் பதிப்பில் ஒரு பத்திச் செய்தியோடு சரி.

இதில் தமிழ்நாட்டின் பதிவேடு அவ்வளவு சுத்தமில்லை. 1986-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1996-ல்தான் நடந்தது. தலைநகரின் கதை இன்னும் மோசம். 1688-ல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி சென்னையுடையது. 1973-ல் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி அதன் மன்றத்தைக் கலைத்தார்கள். மறுபடி மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் வந்தது 1996-ல். ஊழல் செய்த மன்றத்துக்குத் தண்டனை கொடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம். 23 ஆண்டு வாக்குரிமை இழந்த சென்னைவாசி செய்த குற்றம் என்ன?

1996-க்குப் பிறகு 2001, 2006, 2011 என்று கடிகாரம் ஒழுங்காக ஓடியது. 2016-ல் நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று வழக்குப் போட்டது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. குறையைச் சரிசெய்து உடனே தேர்தல் நடத்தியிருக்க வேண்டியது ஆளுங்கட்சியான அ.தி.மு.க. வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள் என்று மூன்றாண்டு ஓடியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு (பின்னர் ஒன்று பிரிந்து 28 ஆனது) தேர்தல் நடந்தது. பிரித்து உருவாக்கிய மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2025-ல் ஆட்சி மாறியிருந்தது, காரணம் மாறவில்லை. மறுபடியும் மறுவரையறை. சுற்றுவட்ட ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பும் கூடவே வந்தது. வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று பயந்து பல ஊர்களில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் 28 மாவட்டங்களில் தேர்தல் நடக்கவில்லை.

மறுவரையறை நடக்கிறது என்பது தேர்தலைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எல்லை வேலை முடியவில்லையா, பழைய எல்லையிலேயே நடத்து என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பக்கத்துக் கேரளத்தைப் பார்த்தால் இது நடக்காத காரியம் இல்லை என்பது தெரியும். அங்கே 1995 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வந்துகொண்டே இருக்கிறது. கொரோனா உச்சத்திலிருந்த 2020-ல்கூடச் சில வாரம்தான் தள்ளிப்போனது. டிசம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். 2025 டிசம்பரிலும் நடத்தி முடித்துவிட்டார்கள்.

ஊராட்சி என்றாலே குடவோலை, உத்திரமேரூர், பராந்தக சோழன் என்று பேச்சைத் தொடங்குவது மேடை வழக்கம். அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டில் யார் யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்பதற்கு நிலம், வீடு, படிப்பு என்று தகுதிகள் வரிசையாக உண்டு. கிராமத்தின் பெருமை பேசுகிறவர்கள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போய்விடுவார்கள். 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் தாண்டிப்போகவில்லை. கிராமம் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடம் என்று கடுமையாகவே சொன்னார். வரைவுச் சட்டத்தில் ஊராட்சிக்கு இடமே இல்லாமல் இருந்தது. அதே மாதம் தமிழரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் 40-ஆவது பிரிவு நுழைந்தது. அதுவும் நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத வெறும் வழிகாட்டு நெறியாக.

அம்பேத்கர் சொன்னது எவ்வளவு சரி என்பதை 1996-க்குப் பிறகு மதுரை மாவட்டம் காட்டியது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். நான்கும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். தேர்தல் அறிவிப்பு வரும். பயந்துகொண்டு யாரும் மனுப் போட மாட்டார்கள். இல்லையென்றால் ஆதிக்க சாதியினர் கைகாட்டிய ஆள் ஒருவர் மனுப் போடுவார், ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தை நீட்டுவார். இப்படியே பத்தாண்டு போனது. மேலூர் பக்கம் மேலவளவில் மிரட்டலை மீறி நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் பதவி ஒன்றுமில்லாத பதவி என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒன்றுமில்லாத பதவிக்காக யாரும் ஆறு பேரைக் கொல்லமாட்டார்கள்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஜெயித்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து முதலமைச்சர் கருணாநிதி விழா எடுத்தார். அப்போது உள்ளாட்சித் துறை அமைச்சர் மு.க. ஸ்டாலின். 2021-ல் முதலமைச்சரான பிறகு அக்டோபர் 2 கிராமசபைக்கு அவர் தேர்ந்தெடுத்துப் போன ஊரும் பாப்பாபட்டிதான். நவம்பர் 1-ஐ உள்ளாட்சி தினமாக அறிவித்ததும் அவர் அரசு. நான்காக இருந்த கிராமசபைக் கூட்டங்களை ஆறாக்கியதும் அவர் அரசு. உள்ளாட்சியின் அருமை தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் 2025-இன் தனி அலுவலர் ஆட்சி இன்னும் உறுத்துகிறது.

நாற்காலி கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடுமா? 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு, சில நாள் கழித்து ஆட்சியர் நேரில் வந்து அவரை ஏற்ற வைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. 2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்பாகத் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தலைவர்களைக் கொடியேற்ற விடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

கொடியும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரிகிற அவமானம். தெரியாத ஒன்று செக்கில் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி தனித்தொகுதியாகிவிட்டால், அதைப் பிடிக்க முடியாதவர்கள் துணைத் தலைவர் பதவியைக் குறிவைப்பார்கள். பிறகு கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தாலே போதும். பைப்புக்காரருக்குப் பணம் போகாது, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் தள்ளிப்போகும், கெட்ட பெயர் தலைவருக்கு. எந்தச் சாதிச் சொல்லும் வாயில் வராமலே காரியம் முடிந்துவிடும். இப்போது நிதிக்குழு மானியம் செக்கில்லாமல் டிஜிட்டல் கையொப்பத்தில் நகர்கிறது. அங்கும் இரண்டு சாவி உண்டு. பெண் தலைவராக இருக்கும் இடங்களில் அந்தச் சாவி கணவரின் சட்டைப்பையில் இருப்பதும் ஊரறிந்த ரகசியம்.

இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊராட்சிகளில் ஊழல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். தேர்தல் வரும்போதெல்லாம் கோயில் செலவுக்கு இத்தனை லட்சம் என்று தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்கள் பற்றிச் செய்தி வருகிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கிறது. ஏலம் மட்டும் நிற்பதாயில்லை. ஏலத்தில் போட்ட பணத்தை ஐந்தாண்டுக்குள் எடுத்தாக வேண்டும் என்ற கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேள்வி, தப்பு செய்த தலைவரை யார் தண்டிப்பது என்பதில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 அதற்கு வைத்திருக்கும் விடை, கலெக்டர். சட்டத்தில் அவருக்குப் பெயர் ‘ஊராட்சிகளின் ஆய்வாளர்’. 205-ஆவது பிரிவின்படி அவர் தலைவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். தாசில்தார் போய் மன்ற உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு எழுதி வருவார். அதைப் பார்த்துவிட்டுத் தலைவரை நீக்குவதா, விட்டுவிடுவதா என்று ஆட்சியரே முடிவு செய்வார். 202-ஆவது பிரிவின்படி மன்றத்தின் தீர்மானத்தையே அவர் ரத்து செய்யலாம். ஓர் எம்.எல்.ஏ.வைத் தலைமைச் செயலாளர் பதவி நீக்கம் செய்வது போன்ற ஏற்பாடு இது. எம்.எல்.ஏ.வுக்கு அப்படி ஒரு விதி இருந்தால் அவர் சும்மா இருப்பாரா? சட்டத்தை எழுதியவர்கள் எம்.எல்.ஏ.க்கள் என்பதைத்தான் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊராட்சித் தலைவர் பலமடைந்தால் தொகுதிக்குள் தனக்கு ஒரு போட்டியாளர் முளைப்பார் என்ற கணக்கு எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும் பொது.

இந்தக் கணக்கைத் தாண்டி வந்த அரசியல்வாதிகளும் இந்தியாவில் இருந்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே அமைச்சரவையில் ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த அப்துல் நசீர் சாப் அப்படி ஒருவர். வறண்ட ஊர்களில் போர்வெல் போட்டுத் தண்ணீர் கொடுத்ததால் ஜனங்கள் அவரை ‘நீர் சாப்’ என்றார்கள். அவர் கொண்டுவந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கியது. 1987-ல் அதன்படி தேர்தலும் நடந்தது. டெல்லி விழித்துக்கொள்வதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே.

கேரளம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்ஙம் மாதம் ஒன்றாம் தேதி, அங்கே மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, இதில் என்ன செய்யலாம் என்று கிராமசபையில் நீங்களே பேசி முடிவெடுங்கள் என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் வேளாண் அலுவலகமான கிருஷி பவனும் பள்ளிக்கூடமும் ஊராட்சியின் பொறுப்பில் வந்தன. ஆரம்பத்தில் தப்புகள் நிறைய நடந்தன. ஒரே மாதிரி திட்டங்களை நகலெடுத்த ஊர்களும் உண்டு. ஆனால் பணம் போன வழியிலேயே ஆட்களும் போனார்கள். ஊராட்சி ஆபீஸ் என்றால் பூட்டிக் கிடக்கும் ஓட்டுக் கட்டடம் என்ற நிலை அங்கே மாறியது.

தமிழ்நாட்டில் அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. கேரளத்தின் கிராம ஊராட்சிகள் 941 மட்டுமே. பெரும்பாலானவை இங்கே ஒரு பேரூராட்சியைவிடப் பெரியவை. தமிழ்நாட்டில் சுமார் 12,500. பலவற்றில் நிரந்தர ஊழியர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊராட்சிச் செயலாளர்தான். ஒரு சிறு சிமென்ட் ரோட்டுக்கு எஸ்டிமேட் போடவும் யூனியனிலிருந்து ஓவர்சீயர் வர வேண்டும். அவர் வருகிற நாளுக்குக் காத்திருப்பதே தலைவரின் பாதி வேலை.

காசுக்கும் அதே கதை. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, இந்திய ஊராட்சிகளின் வருவாயில் சொந்த வரி சுமார் ஒரு சதவீதம்தான் என்றும் 95 சதவீதம் மேலிருந்து வரும் மானியம் என்றும் கணக்குக் காட்டியது. 2021-26 காலத்தில் மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முடிச்சுப் போட்டு வந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாவிட்டால் அந்த மானியமே கிடையாது. 2016 முதல் 2019 வரை தேர்தல் நடத்தாத தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு இதைத்தான் காரணமாகச் சொல்லி நிதியை நிறுத்தியது. தேர்தலைத் தள்ளியவர்கள் கோட்டையில் இருந்தவர்கள். பணம் வராமல் தெருவிளக்குக் கரண்ட் பில்லுக்குத் திண்டாடியது ஊர்.

வீட்டு வரியை உயர்த்தலாமே என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வார்கள். தெருவில் தினமும் முகம் பார்க்கிற ஆளிடம் வரியை ஏற்றிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று ஏதாவது ஒரு பிரசிடெண்டிடம் கேட்டால் தெரியும். ஆனாலும் வழி கண்டவர்கள் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்துச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி தொழில்முனைவோர் மாதிரி யோசித்த அபூர்வமான சம்பவம் அது. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏராளம். பின்பற்றியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமானது.

கிராமசபைத் தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் என்று சோதித்துப் பார்க்க அண்மையில் இரண்டு வாய்ப்பு வந்தது. மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டியைச் சுற்றிய சுமார் 5,000 ஏக்கர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் ஏலம் 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருக்கிற இடம் அது. அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராமசபையில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் மக்களும் 2022 ஆகஸ்ட் முதல், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகக் கிராமசபைதோறும் தீர்மானம் போட்டு வந்தார்கள். அங்கே திட்டம் ஒவ்வொரு அனுமதியாக வாங்கிக்கொண்டு நகர்ந்தது.

இரண்டு ஊரிலும் மினிட்ஸ் நோட்டு ஒன்றுதான், கைநாட்டும் கையெழுத்தும் ஒன்றுதான். அரிட்டாபட்டியில் மாநில அரசும் எதிர்க்கட்சிகளும் மக்கள் பக்கம் நின்றன. ஏகனாபுரத்தில் மாநில அரசே எதிர்ப்பக்கம் நின்றது. தீர்மானத்தின் எடை, யார் கூட நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. 2013-ல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 12 கிராமசபைகள் கூடி வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றபோது நிலைமை வேறு. வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராமசபையிடம் கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதனால் டோங்ரியா கோந்து மக்களின் ‘வேண்டாம்’ சட்டப்படியே செல்லுபடியானது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அப்படி ஒரு வரி எழுத யாரும் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. 205-ஆவது பிரிவைத் திருத்தவும், செக்கில் இரண்டாவது கையெழுத்தை ஊராட்சிச் செயலாளரிடம் கொடுக்கவும்கூடச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா போதும்.

மசோதா கொண்டுவர நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்க வேண்டிய சட்டம். அது நிறைவேறிய அன்று 28 மாவட்டங்களில் அவர்கள் போய் உட்கார ஊராட்சி மன்றம் இல்லை. 2021-ல் தேர்தல் நடந்த மீதி ஒன்பது மாவட்டங்களிலும் கெடு 2026 அக்டோபர். மாநகராட்சி, நகராட்சிகளுக்கு 2027 தொடக்கம்.